யாருக்கும் உறவில்லாத எமில்டா அக்கா

எமில்டா அக்கா இறந்த செய்தி எனக்கு நம் தேவாலயப் பங்கின் வட்ஸ்அப் குழுவில் வந்தது. அந்தக் குழுவில் அவரை யாரும் சேர்த்ததில்லை. மன்னாரைப் பிறப்பிடமாகவும் மொன்றியலை வதிவிடமாகவும் கொண்டவர் என்று வழக்கமான வாசகம், கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். கோட்-டெ-நெய்ஜ் தெருவில் பேருந்துக்காக நின்றுகொண்டு அந்தக் கைகளைப் பார்த்தேன். அவற்றுள் பல, அவரைத் தெருவில் கண்டால் மறுபக்கம் கடந்துபோனவர்களுடையவை. பெயர் சொல்லத் தேவையில்லை. பங்கில் உள்ள உங்களுக்குத் தெரியும்.

அவர் என்ன வேலை செய்தார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. தாயும் தகப்பனும் பிரிந்த பின், ஒருவரிடம் பிள்ளையைத் தனியே விடலாமா என்று நீதிமன்றம் தயங்கினால், மூன்றாம் ஆள் ஒருவரின் முன்னிலையில் சந்திக்கச் சொல்லும். அதற்காகவே உள்ள ஒரு நிலையத்தில் எமில்டா அக்கா அந்த மூன்றாம் ஆள். சமூகப்பணி படிக்கும் நான் சனிக்கிழமைகளில் அங்கே வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அறையில் இருப்பவருக்கு அங்கே பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும் என்பது விதி. இரு தரப்பிலும் யாருக்கும் அவர் உறவாக இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. நம்மிடையே இந்த இரண்டாவதுதான் கஷ்டம். இவர் அவருக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாய், அவர் இவரின் கலியாணத்துக்குச் சாட்சி. எமில்டா அக்கா மட்டும் யாருக்கும் ஒன்றுமில்லை. அப்படி ஆக்கியது நீங்கள்.

அடிக்கும் கணவனை விட்டு அவர் வெளியேறியபோது, பங்கிலிருந்து நாலைந்து பெரியவர்கள் கதைக்கப் போனார்களாம். பிள்ளைகளுக்காகப் பொறு என்றார்களாம். "பிள்ளையளுக்காகத்தான் போறன் எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடுத்தனான். தேத்தண்ணியை மட்டும் குடிச்சிட்டுப் போச்சினம்," என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். அதன் பிறகு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் பகிரும் நேரம் வந்தால் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்த பெண்கள் மறுபக்கம் திரும்பிக் கை கொடுத்தார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆற்றைக் கடந்து லொங்குய்யில் குடியேறினார். "ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கேல்ல. அதாலதான் கோட்டுக்கு என்னைப் பிடிச்சது," என்று நீதிமன்றத்தைச் சொல்வார்.

அறையின் மூலையில் சிறுவர் கதிரை ஒன்றில் முழங்கால் மடிய உட்கார்ந்திருப்பார். பெற்றோரின் முகத்தை அவர் அதிகம் பார்ப்பதில்லை. பிள்ளையின் கால்களைப் பார்ப்பார். கால் கதவுப் பக்கம் திரும்பினால் தண்ணீர் குடிக்க என்று வெளியே கூட்டிவருவார். ஒரு தகப்பன் பெரிய பொம்மையும் கையுமாக வந்து முழு நேரமும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "தம்பி, போனை வெளியில வை. பிள்ளை பாக்க வந்தது உன்னை," என்றார். ஒரு தாய் கதவைத் திறந்ததும் அழத் தொடங்க, "அழுகிறதெண்டா பேந்து என்னோட இருந்து அழலாம். இது பிள்ளையின்ர நேரம்," என்றார். இரக்கம் இல்லாதவர் என்று அவரைப் பற்றி முறைப்பாடு வந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அதே தாயோடு பேருந்துத் தரிப்பிடத்தில் அவர் நின்றதை நான் கண்டேன்.

சேவியர் அண்ணையின் கதையை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அவர் துறைமுகத்துக்கு அருகே ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுகிறார். அவரும் மனைவியும் பிரிந்த சமயம், மனைவியின் தங்கைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் புருசனைப் பிரிந்தவள் என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பும். ஆகவே இரு வீட்டாரும் கூடி முடிவெடுத்தார்கள்: சேவியருக்கு ரொறொன்ரோவில் வேலை கிடைத்துவிட்டது. உண்மையில் அவர் லொங்குய்யில் ஒரு நிலக்கீழ் அறைக்குப் போனார். ஞாயிறுகளில் மனைவி மெற்றோ ரயிலில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். தமிழர் கண்ணில் படாத இடமாகப் பார்த்துத் தகப்பனும் மகளும் திரிவார்கள். யாராவது கேட்டால் அப்பா ரொறொன்ரோவில் என்று ஐந்து வயது அனிற்றாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தங்கையின் கலியாணம் சிறப்பாக நடந்தது. பிறகு இவர்கள் சண்டை பிடித்து நீதிமன்றம் போனார்கள். பங்கில் பலர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள்: தகப்பன் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார், பிள்ளையோடு அவரைக் கண்டதில்லை. தெரிந்து ஒருவரும் பொய் சொல்லவில்லை. எழுதியவர்களில் என் அம்மாவும் ஒருவர்; சேவியரின் மனைவிக்கு ஞானத்தாய். மனைவியும் மறுக்கவில்லை. மறுத்தால் தங்கையின் புகுந்த வீட்டுக்கு என்ன சொல்வது என்ற பயம், பிள்ளை போய்விடுமோ என்ற பயம். பிள்ளைக்கென்று அமர்த்திய வக்கீல் கேட்டபோது, அனிற்றா சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்புவித்தாள். சேவியர் அண்ணை சம்பளச் சீட்டுகளைக் காட்டி, இங்கேதான் இருந்தேன் என்று நிரூபித்தார். அது இன்னும் கெடுதலாகப் போனது. இவ்வளவு அருகில் இருந்தும் பிள்ளையைப் பார்க்காத தகப்பன்! சனிக்கிழமைகளில், மூன்றாம் ஆள் முன்னிலையில் மட்டும் பார்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

நான் நீதிபதியைத் திட்டினேன். எமில்டா அக்கா சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, "அந்த மனிசன் என்னடி செய்யும்? ஊரே சேர்ந்து ஒரு பொய்யைக் கட்டி வைச்சது. அது நம்பினது. பிரிஞ்சதை ஒளிக்கிறதுக்குத் தகப்பனையே ஒளிச்ச சனமடி நாங்கள்," என்றார்.

பிறகுதான் மெதுவாகச் சொன்னார். லொங்குய் மெற்றோ நிலையத்தில் அந்த ஞாயிறுகளில் தகப்பனையும் மகளையும் பல தடவை அவர் கண்டிருக்கிறார். வாங்கில் இருத்தி அவளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவாராம் சேவியர். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா" என்று ஒருநாள் கெஞ்சினாராம். "சொல்ல எனக்கு ஆர் இருக்கினம் எண்டு கேட்டன்."

"அப்ப கோட்டில சொல்லுங்கோவன்!" என்று நான் கத்தினேன்.

"சாட்சி சொன்னா நான் ஒரு பக்கத்து ஆள். பேந்து அந்த அறைக்குள்ள இருக்க விடாங்கள். தமிழ் விளங்கிற வேற ஆர் இருக்கினம்? அவனுக்குப் பிரெஞ்சு வராது. அவள் தகப்பனோட எதில கதைக்கிறது?"

"உண்மை தெரிஞ்சும் பேசாம இருக்கிறது பயந்தாங்கொள்ளித்தனம்."

"ஓம், பயம்தான். வழக்கு எப்ப முடியுமெண்டு ஆருக்கும் தெரியாது. பிள்ளை இந்தச் சனிக்கிழமை வருவாள்."

சேவியர் அண்ணையிடமே கேட்டேன். அவரும் அதையே சொன்னார்: "அக்கா அங்க கோட்டுக்கு வந்தா எனக்கு இஞ்ச அறைக்குள்ள ஆர், தங்கச்சி?" தீர்ப்பின் மீளாய்வு வரும்போது, நீதிமன்றம் கொஞ்சம் இளகிய பிறகு, அக்கா சாட்சி சொல்வதாக இருவரும் பேசிவைத்திருந்தார்கள். அதுவரை அறை. அறையில் அனிற்றா பள்ளிக்கூடக் கதைகளைத் தமிழும் பிரெஞ்சும் கலந்து சொல்வாள், அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு மூலையில் இருப்பார். மீளாய்வுக்கு முன்பே அவருடைய இதயம் நின்றுவிட்டது. சாட்சியும் போனது, அறையில் இருக்கும் ஆளும் போனது. எது சரி என்று இன்று வாதாடுவதில் பயனில்லை. நான் சொன்னபடி செய்திருந்தாலும் அவர் இறந்துதான் இருப்பார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம், எழுதிக் கொடுத்ததைத் திருத்தச் சொன்னேன். "நான் என்ன பொய்யோ சொன்னனான்? எல்லாருக்கும் தெரிஞ்சதைத்தானே சொன்னனான்," என்றார். அக்கா மெற்றோ நிலையத்தில் கண்டதைச் சொன்னேன். "உயிரோட இருக்கேக்க சொல்லாததை, செத்தாப்பிறகு நீ சொல்லுறியோ?" என்றார். நீதிமன்றமும் இதையே வேறு சொற்களில் கேட்கும் என்றார் சேவியர் அண்ணையின் வக்கீல்.

அம்மாவால் நானும் ஒரு பக்கத்து ஆள். ஆகவே அறைக்குள் நான் இருக்க முடியாது. கணினி நிறுவனமொன்றில் வேலை செய்யும், எங்களில் யாரையும் தெரியாத ஒரு சென்னைக்காரரைப் போய்க் கேட்டேன். "ஐயோ, கோர்ட் மேட்டர் எல்லாம் வேணாங்க. இங்கேயே தங்க பி.ஆர். அப்ளை பண்ணியிருக்கேன்," என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்மில் நூறு பேர் சத்தியம் செய்யத் துணிந்த இடத்தில், ஒருவருக்கும் உறவில்லாத ஓர் ஆளை நம்மால் காட்ட முடியவில்லை.

அக்காவை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, மூலையில் ஒரு பிரெஞ்சுப் பெண் இருந்தார். நல்லவர். விதியை மட்டும் சொன்னார்: பிரெஞ்சில்தான். சேவியர் அண்ணை களஞ்சியத்தில் யாரிடமோ கேட்டு நாலைந்து வாக்கியங்களைப் பாடமாக்கி வந்திருந்தார். பள்ளிக்கூடம் எப்படி, என்ன சாப்பிட்டாய், குளிருதா. கேட்டு முடிந்தது. அனிற்றா விடைகளை நீளமாகச் சொன்னாள். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் தமிழில், "எமில்டா அன்ரி எங்கை?" என்றாள். பிரெஞ்சில் கேள் கண்ணா என்று அந்தப் பெண் மெதுவாகத் திருத்தினார். பிரெஞ்சில் கேட்டாள். செத்துப்போனார் என்பதற்குச் சேவியர் அண்ணையிடம் சொல் இல்லை. அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்தார். நான் உள்ளே போக முடியாது. அவள் வர்ணப் பென்சிலை எடுத்தாள். மீதி நேரம் இருவரும் நிறம் தீட்டினார்கள். அடுத்த கிழமை அவள் தமிழில் எதுவும் கேட்கவில்லை.

எமில்டா அக்காவின் பொறுமை என்னிடம் இல்லை. அவருடைய கண்ணும் எனக்கு இல்லை. அந்த நிலையத்தின் வாசலில் உடைந்துபோய் நின்ற எவருக்கும், எல்லாம் சரிவரும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய அந்த ஒரு வழக்கத்தை மட்டும் நானும் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன சனிக்கிழமை சேவியர் அண்ணை சப்பாத்து நாடாவைக் கட்டியபடி கேட்டார்.

"இது சரிவருமோ, தங்கச்சி?"

"தெரியாது அண்ணை," என்றேன்.