டயர் கடைத் தொட்டியில் ஒரு குமிழி

சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் எப்போதும் கறுப்பாகத்தான் கிடக்கும். அதில் சக்கரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மச்சான் குனிந்து பார்ப்பார். ஒரு குமிழி எழும்பினால் போதும், பக்கத்தில் நிற்கும் நானும் கூடவே குனிந்துவிடுவேன். மச்சான் என்றால் என் மனைவிக்கு அண்ணன். மாமல்லபுரத்தில், ஈசிஆர் சாலை ஓரமாக டயர் கடை போட்டிருந்தார்.

எட்டாவதோடு படிப்பை விட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் நான். பயம் மட்டும் என்னை விட்டதில்லை. கடலோர விடுதி ஒன்றில் உப்புக்காற்றிலேயே நின்று கிழடான ஒரு காரை, அலாய் வீலின் பளபளப்பைப் பார்த்து வாங்கித் தொலைத்தேன். விடிந்து பார்த்தால் முன்பக்க இடது சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கும். ஆணியும் இல்லை, ஓட்டையும் இல்லை. மனைவிக்கு அப்போது நிறைமாதம். வலி கண்டால் இந்தக் காரில்தான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுவழியில் சக்கரம் படுத்துவிட்டால்? சோறு இறங்கவில்லை எனக்கு.

டியூப் இல்லாத டயர் அது. எல்லாரும் செய்வதுபோல உள்ளே ஒரு டியூபைப் போட்டுவிடச் சொன்னேன். மச்சான் டயரைக் கழற்றிக் காட்டினார். டயர் உட்காரும் விளிம்பு முழுக்க உப்பு அரித்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இதும்மேல டியூப போட்டா ஒராஞ்சி ஒராஞ்சி ஒரு நாள் டமால்னு பூடும், மாப்ள. இப்போ மூச்சு வுட்டுகினு கீது. வுடட்டுமே. சொல்லிட்டுத்தான போவுது?"

மூச்சு என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம். அதற்குப் பிறகு அந்தச் சக்கரத்தைச் சும்மா ஒரு சக்கரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

"உப்ப எடுக்க உப்புத்தாளு!" என்று சிரித்துக்கொண்டே விளிம்பைத் தேய்த்தார். பசை தடவி டயரை ஏற்றித் தொட்டியில் அமுக்கினார். சரம் சரமாக வந்த குமிழி நின்றது. ஆனால் வீலின் உடம்பிலிருந்தே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ கீறலிலிருந்து, ஒன்றே ஒன்று மெதுவாக எழும்பியது. அதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

ஒரு மத்தியானம் வலி வந்தது. காலால் மிதிக்கும் பம்பை மடியில் வைத்துக்கொண்டு மச்சானும் வண்டியில் ஏறினார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மனசு கேட்காமல் வண்டியை நிறுத்திச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தேன். பின்சீட்டிலிருந்து என் மனைவி கத்தினாள்:

"யோவ்! புள்ள பொறக்கப் போறது எனுக்கா, ஒன் வீலுக்கா? எட்யா வண்டிய!"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியில் பார்த்தேன். பம்பைப் பிடித்தபடி அவரும் ஜன்னல் வழியே அந்தச் சக்கரத்தைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் தாங்கியது. மகள் பிறந்தாள்.

இன்று அதே ஆஸ்பத்திரியில் மச்சான் படுத்திருக்கிறார். நுரையீரல் கெட்டுவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். தலைமாட்டில், சுவரில் பொருத்திய சின்ன பாட்டிலில் தண்ணீர், அதில் குமிழிகள். குழாயில் வரும் காற்றுதான் அது, அவருடைய மூச்சு இல்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் புரிகிறது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அன்று குமிழி வந்துவிடுமோ என்று பயந்தேன். இன்று நின்றுவிடுமோ என்று பயப்படுகிறேன்.

மச்சான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, லீக் பாக்குறியா?"

எனக்குச் சிரிக்க வரவில்லை. தண்ணீரில் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன்.