எலுமிச்சை பறித்துக் காட்டியவர்

புளியங்குடித் தோட்டமொன்றில் எலுமிச்சை பறிக்கும் அக்கா அவர். ரோபோவைப் பழம் பறிக்கப் பழக்க, அவர் தலையில் கேமராவும் மணிக்கட்டில் சென்சாரும் மாட்டி நான்கு நாள் பதிவு செய்தேன். முழங்கை வரை முள் கீறிய தழும்புகள். எந்தப் பழத்தையும் காம்பு கிழியாமல் லேசாகத் திருகித்தான் எடுப்பார்.

மூன்றாம் நாள் விரலில் முள் ஏறிக் கையை உதறினார்.

“உதறாதீங்கக்கா, பதிவு கெட்டுடும். இன்னொரு தடவை பறிங்க” என்றேன்.

ரத்தத்தைச் சேலையில் துடைத்தபடி கேட்டார்: “மிசினுக்கு முள்ளு குத்துமாய்யா?”

“குத்தாதுக்கா.”

“அப்ப அடுத்த வருசம் எங்கள எதுக்குக் கூப்பிடப் போறாவ?”

நான் கீழே வைத்திருந்த கேமரா பேட்டரியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

நினைத்திருந்தால் அவர் தாறுமாறாகப் பறித்து எங்கள் வேலையையே பாழாக்கியிருக்கலாம். ஆனால் கடைசிப் பழம்வரை ஒரு காம்புகூடக் கிழியவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் அப்படிப் பறித்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.