எல்லார் ரெக்கார்டும் ஒரே போனில்

1. சோதனை நாள்

ரெங்கத்துக் கிளினிக்கில் எங்கள் சாப்ட்வேருக்குச் சோதனை வைத்த அன்று, ஒரு பெண்மணி எங்கள் திரையைப் பார்த்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். டாக்டரைக்கூடப் பார்க்கவில்லை. அவர் கணவர் எங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

நான் மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளுவாங் பக்கம் சில தனியார் கிளினிக்குகளை நடத்துபவர், நோயாளிகளின் காகித அட்டைகளை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் போனுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து, அடுத்த முறை வரவேண்டிய தேதி, எல்லாம்.

எங்கள் பாஸ் சொக்கலிங்கம் அப்போதுதான் டிசைன் திங்கிங் பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். வாயைத் திறந்தால் அதுதான். சுருக்கமாகச் சொன்னால், ரூமில் உட்கார்ந்து யோசிக்காதே, பயன்படுத்தப்போகிறவரிடம் போய்க் கேள், மலிவாக ஒரு மாதிரி செய்து கையில் கொடு, அவர் முகம் சுளித்தால் திருத்து. எனக்கு இதில் சண்டையே இல்லை. சுளிக்கும் முகத்தைப் பார்ப்பதற்குத்தான் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

கிளினிக்கில் காத்திருந்தவர்களிடம் பேசினோம். சொன்னதையெல்லாம் மஞ்சள் சீட்டுகளில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினோம். ஏறக்குறைய எல்லாச் சீட்டும் ஒரே பாட்டைத்தான் பாடின: குடும்பத்துக்கு ஒரே கணக்கு போதும், எல்லார் ரெக்கார்டும் ஒரே போனில் வரட்டும். பாஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதையே எங்கள் சரக்கின் முக்கிய அம்சமாக்கிவிட்டார்.

எழுந்து போன பெண்மணியை ராஜேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். மாதிரியில் இருந்தவை பொய்யான பெயர்கள், பொய்யான மருந்துகள்தான். கணவரின் போனில் மனைவியின் பக்கம் திறந்து, மாத்திரைகள் வரிசையாக நின்றன. இதில் எல்லாமே வருமா என்று ராஜேஸ்வரி கேட்டார். பாஸ் பெருமையாக, "எல்லாமே வரும்லா! ஒண்ணு விடாது" என்றார். அதன் பிறகுதான் கைப்பை.

2. ஒற்றை நாற்காலி அறை

சில நாள் கழித்து அந்த கிளினிக்கின் மிஸி புவனா எனக்குப் போன் செய்தார். அங்கே நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருபோதும் தேதி தவறாத அந்தப் பெண்மணி வரவில்லையாம். அவர் மருந்தைப் பட்டென்று நிறுத்தக்கூடாதாம். என்ன மருந்து என்று மிஸி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டபோது, அந்த கம்பியூட்டர் பொம்பளையிடம் நேரில் பேசினால்தான் வருவேன் என்றாராம். கம்பியூட்டர் பொம்பளை நான்தான்.

பிரஷர் பார்க்கும் அறையில் சந்தித்தோம். நோயாளிக்கு ஒரு நாற்காலி போட்டால் அதற்குமேல் இடமில்லாத அறை. கூட வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டியதுதான். நான் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"மனசு சரியில்லாததுக்கு மருந்து சாப்பிடறேன் அக்கா. வீட்டுல கேஸ்ட்ரிக் மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன். மகளுக்குத் தங்காக் ஊர்ல மாப்ள பேசிக்கிட்டு இருக்காங்க. அம்மாவுக்கே மண்டை சரியில்லயாம்னு மாப்ள வீட்டுல ஒரே பேச்சுல முடிச்சிருவாங்க. இவரு நல்ல மனுசன்தான். ஆனா போனை யார் கேட்டாலும் குடுத்துருவாரு."

பூட்டு வைத்துத் தருகிறேன், உங்கள் பக்கத்தை நீங்கள் மட்டும் திறக்கலாம் என்றேன். அவர் என்னைப் பாவம்போல் பார்த்தார்.

"பூட்டு தெரிஞ்சா, உள்ள ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்? இது வந்துச்சுன்னா நான் இங்க வரமாட்டேன் அக்கா. மருந்தும் வேணாம்."

இதை இப்படியே விடமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு மருந்து வாங்கிக்கொண்டு போனார்.

3. இன்னொரு தடவை கேட்டோம்

பாஸிடம் விஷயத்தைப் பெயர் இல்லாமல் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கிளினிக் முதலாளிக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஒரு ஆளுக்காக முழு சிஸ்டத்தையும் புரட்டிப்போடச் சொல்கிறீர்களா மீனா என்று சத்தம் போட்டார். சுவரில் இத்தனை சீட்டு இருக்கிறதே என்றார்.

நான் அந்தச் சீட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். நம் ஆட்கள் கிளினிக்குக்குத் தனியாகப் போவதில்லை. மனைவிக்குத் தலைவலி என்றால் எங்கே வலிக்கிறது என்று கணவர் சொல்வார். மாமியாரின் வயதை மருமகள் சொல்வார். நாங்கள் பேசிய அத்தனை பேருக்கும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பல சீட்டுகளில் இருந்தது அந்தப் பக்கத்து ஆளின் பேச்சு. மற்றவை அந்த ஆளின் காதில் விழட்டும் என்று சொன்ன பேச்சு. தனியாக வைத்து ஒருவரையும் கேட்கவில்லை. பாஸிடம் இதைச் சொல்லி, மறுபடி போகிறேன், அதே கேள்வி, அதே ஆட்கள், ஆனால் பிரஷர் அறையில் ஒவ்வொருவராக என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்.

ஐயோ அலமாக், அந்த அறையில் வந்து கொட்டியதை என்னவென்று சொல்வது. சர்க்கரை ஏறியதை மகனிடம் மறைக்கும் அப்பா. தெரிந்தால் மகன் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவானாம். குழந்தைக்காக வைத்தியம் பார்ப்பதை மாமியாரிடம் சொல்லாத மருமகள். இதே ஆட்கள்தான் வெளியே ஒரே கணக்கு போதும் என்று தலையாட்டியவர்கள்.

பிரஷர் பார்க்க ராஜேஸ்வரியின் கணவரும் வந்தார். வாட்டசாட்டமான ஆள், தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மற்றவர்களிடம் கேட்டதையே அவரிடமும் கேட்டேன்: வீட்டம்மாவுடைய ரெக்கார்டு உங்கள் போனில் வர வேண்டுமா?

"வேணாம் மேடம்."

போன தடவை வேண்டும் என்றீர்களே என்றேன். அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவ பக்கத்துல உக்காந்திருந்தா. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பால்ல. அவ மனசுக்கு மருந்து சாப்பிடறா மேடம். மாத்திரை பாக்கெட்டுல இருந்த பேரை கூகுள்ல அடிச்சுப் பார்த்தேன். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா வெக்கப்பட்டுக்கிட்டு மருந்தை நிறுத்திருவா. இப்பதான் கொஞ்சம் சிரிக்கிறா. என் போன்ல மட்டும் அது வரவேணாம்."

ராஜேஸ்வரி சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை, அவர் சொன்னதை ராஜேஸ்வரியிடமும் சொல்லவில்லை. சொல்வது என் வேலையும் இல்லை. அவர் போன பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஜொகூர் பாருவுக்குத் திரும்பி, கேட்டவற்றை யாருடையது என்று சொல்லாமல் பாஸிடம் படித்துக்காட்டினேன். கடைசியை முடித்தபோது அவர் சுவரில் இருந்த சீட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "மாத்திருங்க மீனா. முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். பேசவும் செய்தார்.

குடும்பக் கணக்கை எடுக்கவில்லை. ஆனால் அதில் வரவேண்டிய தேதி மட்டும்தான் தானாக வரும். மற்றவற்றில் எதைக் காட்டலாம் என்று மிஸி பிரஷர் அறையில் தனியாகக் கேட்பார். வேண்டாம் என்றால் அந்த இடமே திரையில் இருக்காது. பூட்டும் இருக்காது, காலியான கட்டமும் இருக்காது.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பயனாளரிடம் கேட்டேன் என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார் என்று முதலில் சொல்லுங்கள்.

ராஜேஸ்வரி தேதி தவறாமல் வருகிறார் என்று மிஸி சொன்னார். கூட்டிவருவது கணவர்தான். முன்பெல்லாம் உள்ளே வந்து பக்கத்தில் உட்காருவார். இப்போது வெயிலானாலும் மழையானாலும் காரிலேயே இருந்துவிடுகிறாராம். உள்ளே ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறாராம்.