அக்காவின் நூலுக்கு நீட்டிய கை

எங்கள் அக்கா பிறந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். அப்பா சீக்கிரமே தவறிவிட, படிப்பை நிறுத்திக்கொண்டு தையல் தொழிற்சாலைக்குப் போய்த் தம்பியையும் என்னையும் ஆளாக்கியவர். தமக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. ஓராண்டு நினைவு மலருக்கு இவ்வளவு எழுதினால் போதும் என்றான் தம்பி. போதாது. எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அக்காவைப் பற்றி எழுத எனக்கு வராது.

ஓய்வு பெற்ற பிறகு அக்கா கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக உட்கார்ந்துவிட்டார். இந்த வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்காதவர் இல்லை. "ஆபீஸ்ல ஏர்கோன் போட்டுக்கிட்டு நடுங்குறாங்கல்ல, அவங்களுக்குத்தான்" என்பார். சனிக்கிழமைதோறும் அவர் வீட்டுக் கூடத்தில் பின்னல் தோழிகள் கூடுவார்கள். செலாயாங்கிலிருந்து வரும் மேகலாதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. எல்லாரும் வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்பார்கள். கூடப்பிறந்தவள் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இவர்களுக்கு எங்கிருந்து வந்தார் அக்கா?

மேகலாவுக்கு மஞ்சள் சால்வை, அவள் மகளுக்குத் தொப்பி, இன்னொருத்திக்குத் தோள்பை. எனக்கு ஒன்றும் கிடையாது. எனக்குக் கிடைத்தது கை நீட்டுகிற வேலை. புது நூல் பெரிய வளையமாக, சிட்டமாக வரும். அப்படியே பின்னினால் சிக்கிக்கொள்ளும். உருண்டையாகச் சுற்றியாக வேண்டும். "நூல் வந்துருச்சுடி, வரியா?" என்று அக்கா போன் போடுவார். கிள்ளானிலிருந்து ரயில் ஏறிப் போவேன். சிட்டத்தை என் இரண்டு கைகளிலும் மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து சுற்றுவார். தோள் கழன்றுவிடும் போலிருக்கும். "தூக்கு லா, தொய்யுது பாரு" என்று அதட்டல் வேறு. அந்த நூல் பிறகு யாருக்கோ போகும்.

"எனக்கு எப்பக்கா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உனக்கு என்னடி அவசரம்? நீதான் வந்துக்கிட்டே இருக்கியே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா நோயில் விழுந்து மருத்துவமனையில் கிடந்தபோதும் தோழிகள்தான் முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். நான் கஞ்சி கொண்டுபோனால், மேகலா ஏற்கெனவே ஊட்டி முடித்திருப்பாள். நன்றி சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் கஞ்சியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வரும்போது எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

கருமாதி முடிந்ததும் மேகலா வந்தாள். அக்கா பாதியில் விட்ட நீலச் சால்வை அவள் கையில். இறந்தவர் விட்டுப்போன பின்னலைத் தோழிகள் முடித்துவைப்பது அவர்கள் வழக்கமாம்.

"அதை இப்படிக் கொடு. என் அக்கா பின்னினது, நான் வெச்சுக்கிறேன்" என்றேன்.

"உங்களுக்குப் பின்னத் தெரியாதே, சின்னக்கா." பையிலிருந்து ஒரு நீலச் சிட்டத்தை எடுத்தாள். "இதையும் சுத்தணும்."

"ஏன், உங்க கூட்டத்துல கை நீட்ட ஆளா இல்ல?"

"இதுக்கு மெஷினே இருக்கு, சின்னக்கா. கொஞ்ச நேரத்துல சுத்திடும். அக்காவுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுத்தோம். பெட்டியைக்கூடப் பிரிக்கல. 'மெஷின் வந்துட்டா என் தங்கச்சி எதுக்குக் கிள்ளான்லேருந்து வரப்போறா?'ன்னுட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எங்க யாருக்கும் அப்படி ஒரு போன் வந்ததே இல்ல. உங்க மேல எனக்கு எவ்ளோ பொறாமை தெரியுமா?"

இரண்டு கைகளையும் நீட்டினேன். மேகலா சிட்டத்தை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து சுற்றினாள்.

அக்காவுக்கு ஊட்டியும் துடைத்தும் பார்த்துக்கொண்ட சனிக்கிழமைத் தோழிகளுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நீலச் சால்வை மேகலாவிடம் இருக்கிறது. நூல் உருண்டையை நான் கொடுக்கவில்லை. வேண்டுமென்றால் சனிக்கிழமை கிள்ளானுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து பின்னட்டும் என்று சொல்லிவிட்டேன். வருகிறாள். நூல் தீரத் தீர நான் புதுச் சிட்டம் வாங்கிவைக்கிறேன். சால்வை நீண்டுகொண்டே போகிறது. மெஷினை மட்டும் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது.