ஆத்தாவுக்காக நான் தேடிய ஆதாரம்

கரி பஸ்ஸின் புகை வாசம் இன்றும் என் மூக்கிலேயே நிற்கிறது. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு அந்த பஸ் இருமிக்கொண்டே போகும். மேடு வந்தால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளுகிற கூலியைக் கழித்துக்கொண்டு டிக்கெட் கொடுக்கலாம் என்று அய்யா முனகுவார்.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம், அம்மாவை ஆத்தா. (நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் இதை டைப் அடிக்கிறாள். தப்பிருந்தால் அவளைத் திட்டுங்கள்.)

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமானால் புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் தங்க வேண்டும். ஆத்தா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டாள். முடிவு அய்யா கையில் இருந்தது. எனக்கோ படிக்காவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது. பதின்மூன்று வயதில் உயிர் அடிக்கடி அப்படிப் போகும்...

அய்யா ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர். யார் என்ன சொன்னாலும், "அதுக்கு ஆதாரம் என்னப்பா?" என்பார். கண்ணீர் அவரிடம் செல்லாது. ஆகவே அழுவதை நிறுத்திவிட்டு ஆதாரம் தேடக் கிளம்பினேன்.

கடலை விற்க அவர் டவுன் மண்டிக்குப் போன நாளில் நானும் தொற்றிக்கொண்டேன். மண்டியில் பெண்பிள்ளை நிற்க வேண்டாமென்று பக்கத்திலிருந்த நூல்நிலையத்தில் என்னை விட்டுவிட்டுப் போனார். உள்ளே பூராவும் ஆண்கள். யுத்தச் செய்தி படித்துக்கொண்டிருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்த்தன.

புத்தகம் எடுத்துக் கொடுப்பவர் கேட்டார், "என்னம்மா வேணும்?"

"பொம்பளப் புள்ளைக படிக்கணும்னு எழுதியிருக்கிற புஸ்தகம் வேணுங்க."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை இன்னும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பைண்டு செய்த மாதப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார். உள்ளே மைக்கூடு கூடாது, பென்சில்தான். காகிதப் பஞ்சம் வேறு. வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதினேன். எந்தப் பத்திரிகை, எந்த மாதம், எத்தனையாவது பக்கம் எல்லாம் எழுதிக்கொண்டேன். அய்யா கேட்பாரே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அய்யா முன்னால் நின்று, மூச்சு விடாமல் பேசி முடித்தேன். ஆத்தா கதவோரம் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் பேசுற," என்றார் அய்யா. "எதிர்ப்பக்கம் யாரு பேசுறது?"

"ஆத்தாதான்."

"எனக்கு என்னத்தப் பேசத் தெரியும்," என்று ஆத்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச வராதவருக்காக இன்னொருவர் எழுந்து பேசலாம். ஆனால் ஒப்புக்குப் பேசக் கூடாது, தன் வழக்கு மாதிரியே பேச வேண்டும்.

"அப்ப ஆத்தாவுக்கும் நீயே பேசு தாயி. அடுத்த வாரம் அதுக்கும் ஆதாரம் எடுத்துட்டு வா. ரெண்டு பக்கமும் கேக்காம நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

என்ன அநியாயம்! என் குழியை நானே வெட்ட வேண்டுமாம்.

மறுவாரம் நூல்நிலையத்தில் போய் நின்றேன். "படிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கிறது வேணுங்க."

"நீ எந்தக் கட்சிம்மா?"

"ரெண்டுந்தாங்க."

இந்தத் தடவை அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெண் படித்தால் கண் கெடும், குடும்பம் கெடும், புருஷனை மதிக்க மாட்டாள்... பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். எழுதிக்கொண்டே வந்த எனக்குப் பாதியில் பென்சில் ஓடவில்லை. இதில் ஒன்றைக்கூட ஆத்தா சொன்னதில்லையே? அவள் ஏன் வேண்டாமென்கிறாள் என்று நான் கேட்கவே இல்லையே?

சாயங்காலம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டேன். "நான் ஏன் போகக் கூடாது ஆத்தா? நாந்தான ஒன் பக்கம் பேசணும்."

அவள் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீ பாட்டுக்கு நெறையப் படிச்சிருவ. அப்பறம் எங்கிட்டப் பேசுறதுக்கு ஒனக்கு என்ன இருக்கும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தா கட்சிக்காகப் பேசினேன். கண், குடும்பம், புருஷன் எல்லாவற்றையும் பக்க எண்ணோடு சொன்னேன். கடைசியாக ஆத்தா சொன்னதைச் சொன்னேன்.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்றார் அய்யா.

"புஸ்தகத்துல இல்லைய்யா. ஆத்தா சொன்னது. இதுக்கு எங்கிட்டப் பதில் இல்ல. நான் போகல." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். ஆதாரமில்லாத அழுகைதான்.

கடலை உடைக்கும் சத்தம் நின்றது. ஆத்தா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அய்யா முன்னால் அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

"அவளுக்கு நான் பேசுறேங்க," என்றாள். "அவ போகட்டும். லீவுக்கு வரயில, படிச்சத எல்லாம் எங்கிட்டச் சொல்லணும். அம்புட்டுத்தான்."

அய்யா வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. "தீர்ப்புச் சொல்ல எனக்கு ஒண்ணும் மிச்சமில்லையே," என்றார்.

ஒவ்வொரு லீவிலும் சொன்னேன். பூமி சுற்றுவதைச் சொன்னால், "அப்ப கெணத்துத் தண்ணி ஏன் சிந்தல?" என்பாள். சரித்திரம் சொன்னால், "அந்த ராசா சண்டைக்குப் போகயில அவன் ஆத்தா ஒண்ணுஞ் சொல்லலையா?" என்பாள். பரீட்சையில்கூட யாரும் என்னை இப்படித் திணற வைத்ததில்லை. அவளுக்குப் புரிய வைக்கப் போய்த்தான் பாதிப் பாடம் எனக்கே புரிந்தது.

இன்றைக்கு என் பேத்தி காலேஜ் பேச்சுப் போட்டிக்கு, உட்கார்ந்த இடத்திலேயே போனில் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் எடுத்துவிடுகிறாள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் பட்ட பாடு அவளுக்கு வேண்டாம்.

ஆத்தா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இன்றும் காலையில் பேப்பரில் புதிதாக ஒன்றைப் படித்தால், இதை ஆத்தாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.