துரைக்கு முன்னால் எழுந்த ஜாகா

என் மகள் மடிக்கணினியைத் திறந்தால், தேநீரில் சீனி கரைவதற்குள் எல்லாம் தயாராகிவிடுகிறது. உள்ளே எது முதலில் எழுந்தது, எது எதற்காகக் காத்திருந்தது என்று கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். அந்த வரிசையால் ஒருகாலத்தில் எனக்கு வேலையே போகவிருந்தது.

எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். கோலாலம்பூரில் சில மாதம் படித்த பெருமையில் டை கட்டிக்கொண்டு போனேன். கொழுந்து வாடும் வாசனைக்கு நடுவே அதை யாரும் கவனிக்கவில்லை.

பெட்டியை முடுக்கினால் எந்தப் புரோகிராம் எதற்குப் பின் எழவேண்டும் என்று நாமே எழுதிவைக்க வேண்டும். பெரிய கிராணி, அதாவது ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, அதைத் தானே வகுத்துக் கொடுத்தார். முதலில் துரைக்கு, அதுதான் மேனேஜருக்கு, போகும் கொழுந்து அறிக்கை. அடுத்து ஆபீஸ் கணக்குப் புரோகிராம்கள், அப்புறம் பேக்டரி கணக்குப் புரோகிராம்கள். கடைக்கோடியில் மணியும் தேதியும் சொல்லும் புரோகிராம்.

“மணி பாக்குறது ஜாகா வேல. காவக்காரன் துரைக்கு முன்னால போவானா?” என்றார்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நானும் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தானே.

தேதி சொல்லாவிட்டால் அந்தப் பெட்டிக்கு எல்லா நாளும் 1980 ஜனவரி முதல் தேதிதான். தேதிப் புரோகிராம் எழுவதற்குள் அறிக்கையும் தினமும் அப்படியே அச்சானது. அந்தத் தேதியில் துரை எங்கள் தோட்டத்துக்கே வந்திருக்கவில்லை.

“துரை சூடாயிட்டாரு தம்பி. நாளைக்கும் தேதி தப்பா வந்தா பெட்டிய லோரியில ஏத்திருவாங்களாம். உன்னையும் சேத்துதான் லா,” என்றார் பெரிய கிராணி.

வேலை போனால் கியா பார்ம் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் மூட்டைதான் தூக்கவேண்டும். மறுநாள் ஜாகா பெரட்டு மணி அடித்து எல்லாரையும் வேலைக்கு எழுப்பியபோதுதான் எனக்கு உறைத்தது. பெரிய கிராணி வீட்டுக்கு ஓடினேன்.

“ஐயா, துரை காலையில எப்படி எந்திரிக்கிறாரு?”

“மணி கேட்டுத்தான்.”

“அப்ப மொதல்ல எந்திரிக்கிறது யாரு?”

அவர் கோப்பியை வெகுநேரம் ஊதினார்.

“சரி, ஜாகாவ முன்னால போடு. ஆனா எல்லாத்துக்கும் மேல துரை பேர எழுதிரு. மனுசன் மனசு நோகக்கூடாது.”

அப்படியே ஒரு வரி சேர்த்தேன். அதற்கு வேலை எதுவும் கிடையாது. ஆங்கில எழுத்தில் ‘துரை’ என்று திரையில் காட்டும், அவ்வளவுதான். அன்று தேதி சரியாக வந்தது. பெட்டியும் நானும் தப்பித்தோம். அன்றிலிருந்து அந்தப் பெயர் திரையில் வந்ததும் பெரிய கிராணி எழுந்து நிற்பார். அறிக்கை அச்சாகி முடிந்த பிறகுதான் உட்காருவார். வேறு வழியில்லாமல் நானும் நின்றேன்.

அவர் ஓய்வுபெற்ற நாளில் அந்த வரியை மட்டும் மாற்றிவைத்தேன். வழக்கம்போலப் பாதி எழுந்தவர், ‘பெரிய கிராணி’ என்று படித்துவிட்டு அப்படியே நின்றார். யார் எழுந்து நிற்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

“உக்காரு லா. ஜாகா இன்னும் எந்திரிக்கல,” என்றார்.  எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது அந்த ஆபீசில் சுற்றுலாக்காரர்களுக்குக் கேக் விற்கிறார்கள். பெரட்டு மணி எங்கே போனது என்று கேட்டேன்; யாருக்கும் தெரியவில்லை. பெரிய கிராணியும் போய்ச்சேர்ந்துவிட்டார். மகளின் கணினி திறக்கும்போது எனக்கு எழுந்து நிற்க நேரமே கிடைப்பதில்லை.