தெருக்கொடியில் என் பெல்ட்

1991இல் என் மகளை என் வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். எனக்கு அம்மா இல்லை. அதனால் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வடக்குப்பட்டில் இருந்த மாமியார் வீட்டுக்கே வந்தேன். கிளம்பும்போது நர்ஸம்மா என் வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டு, "எழுந்திருக்கிறப்போ, நடக்கிறப்போ இதைப் போட்டுக்கோ. துவைச்சா நல்ல வெயில்ல காயவை. ஈரத்தோட போட்டா தையல் சீழ் வச்சிரும்" என்றார்.

பெல்ட் இல்லாமல் எழுந்தால் குடலே நழுவி வெளியே வந்துவிடும் போலிருக்கும். போட்டுக்கொண்டால் நானே எழுவேன், என் பிள்ளையை நானே தூக்குவேன். அழகுக்குப் போட்டதல்ல அது.

முதல்முறை துவைத்தபோது அத்தை அதை வாங்கிப்போய் வீட்டுக்குள் இருந்த கயிற்றில், ஒரு புடவைக்கு அடியில் போட்டார். பெண்கள் உள்ளே உடுத்துவது எல்லாம் எங்கள் பக்கம் அப்படித்தான், திருட்டுப் பொருள் மாதிரி மறைந்தே காயும். மறுநாள் காலையிலும் பெல்ட் சொதசொதவென்று இருந்தது. அத்தை கழனிக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. இரண்டு முழம் தள்ளிப் பாயில் கிடந்த குழந்தை வீறிட்டது. ஒருக்களித்துக் கையை ஊன்றிப் பார்த்தேன், தையல் சுரீரென்றது. அத்தை வரும்வரை அது அழுதது, நானும் அழுதேன். அழுது முடித்தபோது கோபம்தான் மிஞ்சியது.

அத்தை வந்து என்னைத் தூக்கி நிறுத்தியதும், சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பெல்ட்டை எடுத்து வந்து தெருவாசல் கொடியில் போட்டேன்.

"இன்னாம்மா இது? சொசைட்டிக்குப் பால் ஊத்த ஆம்பளைங்க போற வழி. இத்தப் போயி இங்க போட்டுகினு கீறே?"

"பக்கத்துலயே மாமா பெல்ட்டு காயுதே, அத்தை."

மாமனாருக்குக் குடலிறக்கம். அவர் இடுப்பில் கட்டும் பெல்ட் தினமும் அந்தக் கொடியில்தான் காயும். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அவரு ஒடம்பு சரியில்லாதவரு."

"வயித்தக் கிழிச்சுத் தச்சிகினு வந்துகிறேன். எனக்கு மட்டும் சரியாவா கீது?"

அத்தை என் பெல்ட்டை உள்ளே கொண்டுபோனார். நான் போய் எடுத்துவந்து மறுபடி போட்டேன். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்கும் தெரியும். அந்த ஊர்வாய்க்காக என் தையல் ஏன் சீழ் வைக்க வேண்டும்? அவர் மறுபடி கை நீட்டியபோது மாமாவின் பெல்ட்டையும் உருவி, இரண்டையும் சேர்த்து அவரிடம் கொடுத்தேன்.

"இதையும் புடவைக்கு அடியில போடுங்க. ரெண்டும் ஒண்ணா ஈரமா கெடக்கட்டும்."

வாசலில் உட்கார்ந்திருந்த மாமா பதறிப்போனார். "ஈரமா கட்டுனா எனக்குப் புண்ணாப் பூடும்மா."

"எனக்கு ஏற்கெனவே புண்ணு, மாமா" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை இரண்டையும் உதறிக் கொடியில் போட்டார். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

சாயங்காலம், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்த அந்தப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் எழுந்துபோய் என் மகளைத் தூக்கினேன்.